சூரியனில் புள்ளி, மதுரையில் பஞ்சம்

எங்கள் புள்ளியியல் வகுப்பில் இந்த செமஸ்டர் ஆரம்பமே சிதறல் விளக்கப்படம்தான். அதாங்க, படுக்கை அச்சில் ஒரு விஷயம், செங்குத்து அச்சில் இன்னொரு விஷயம் என்று வைத்துக்கொண்டு கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போவோமே, அது. புள்ளிகள் வலது பக்கம் போகப்போக மேலே ஏறினால் நேர் ஒட்டுறவு. இறங்கினால் எதிர் ஒட்டுறவு. அம்மை போட்ட மாதிரி தாள் முழுக்க இறைந்து கிடந்தால் ஒட்டுறவே கிடையாது. இவ்வளவுதான் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெக்கார்டு நோட்டில் ஒரு கணக்கு. ஏதோ ஒரு ஊரின் மழையளவும் நெல் விளைச்சலும். புள்ளிகள் ஒழுங்காக ஏறின. "வலுவான நேர் ஒட்டுறவு உள்ளது. ஆகவே மழை கூடினால் விளைச்சல் கூடும்" என்று எழுதினேன். முழு மதிப்பெண். அந்தப் பெருமையோடு ஊருக்குப் போய் (மேலூர் பக்கம்) தாத்தாவிடம் நோட்டைக் காட்டினால், மனுஷன் சிரிக்கிறார்.

"நம்மூர்ல மழை பேஞ்சா நெல்லு வெளையும்னு எவன்டா சொன்னான்? பெரியாத்துத் தண்ணி வந்தாத்தான்டா நெல்லு. மழை பேயிறது மலைக்கு அந்தப் பக்கம், அறுக்கிறது நாம."

யோசித்துப் பார்த்தால் சரிதான். மேலூரில் பெய்த மழையை ஒரு அச்சிலும் மேலூர் நெல்லை இன்னொரு அச்சிலும் வைத்தால் என் நோட்டில் இருக்கிற மாதிரி அழகான படம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தேக்கடிப் பக்கம் பெய்த மழையை வைத்தால் ஒருவேளை வரலாம். எதை எதோடு சேர்த்துப் புள்ளி வைக்கிறோம் என்பதை கிராஃப் தாள் நமக்குச் சொல்லாது.

இதைப் பற்றித் தேடிப் படிக்கப்போய் ஒரு பெரிய கதையில் மாட்டிக்கொண்டேன். மழை, பஞ்சம், சூரியன், கொடைக்கானல், பூமராங் வீசுகிற ஒரு கணித மேதை என்று எங்கெங்கோ போகிறது. அதில் பாதி நம்ம மதுரை ஜில்லாவில் நடந்தது.

தாது வருஷப் பஞ்சம் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1877-ல் தென்மேற்கும் காலை வாரியது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்துப்போயிருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கெடுத்தால் மக்கள்தொகை கூடத்தானே வேண்டும்? 1871-க்கும் 1881-க்கும் நடுவில் மதுரை ஜில்லாவின் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாள் கதையை மதுரையில் இன்றும் சொல்கிறார்கள்.

அப்போது அரசாங்கம் என்ன செய்தது? நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோ கூட இல்லை. அதைத் தின்றுவிட்டுக் கல் உடைக்க வேண்டும். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது என்று சண்டை போட்ட பிறகுதான் சில மாதங்கள் கழித்துக் கூட்டினார்கள். இதற்கு நடுவிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பல் ஏறுவது நிற்கவில்லை.

சரியாக அந்த 1877-ல்தான் சூரியன் கதைக்குள் வருகிறது.

சூரியனின் மேல் கரும்புள்ளிகள் தோன்றும், மறையும். அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது என்று 1843-ல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் சொன்னார். 1872-ல் மொரீஷியஸில் இருந்த மெல்ட்ரம், புள்ளிகள் கூடும்போது இந்தியப் பெருங்கடலில் புயல்களும் கூடுகின்றன என்றார். அதன் பிறகு வில்லியம் வில்சன் ஹண்டர். இந்திய அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவர், கெஸட்டியர் புகழ் ஹண்டர். அவர் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1813 முதல் எழுதி வைத்திருந்த மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு வருஷச் சுழற்சியாக மடித்தார். புள்ளி குறைந்த வருஷங்கள், நடுத்தரம், அதிகமான வருஷங்கள் என்று பிரித்துச் சராசரி எடுத்தார். புள்ளி குறைந்த வருஷங்களில் மழையும் குறைவு! வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து 1877-ல் இதை லண்டன் பத்திரிகையில் எழுத, ஒரே பரபரப்பு.

அவசரப்பட்டு ஹண்டரைக் கிண்டல் செய்யாதீர்கள். அவருடைய இடத்தில் நாம் இருந்தாலும் நம்பியிருப்போம். சூரியப் புள்ளிகள் மிகக் குறைவாக இருந்த வருஷங்களில் 1823, 1833, 1867, 1878 எல்லாம் உண்டு. தெற்கில் பஞ்சம் வந்த வருஷங்களில் 1823-24, 1832-33 உண்டு, ஒரிசாவில் 1866, கடைசியாக 1876-78. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை எழுதினால் மயிர்க்கூச்செறிகிறது இல்லையா?

இதை உடைத்தவர் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி. அதே 1877-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் சென்னை மழைக் கணக்கையே எடுத்து அவர் வைத்த வாதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஹண்டர் காட்டியது சராசரிகளை. இப்படி யோசியுங்கள்: ஒரு வகுப்பில் முதல் பெஞ்ச், நடு பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து மதிப்பெண் சராசரி எடுத்தால் ஏதோ ஒரு வரிசை வரத்தான் செய்யும். மூன்று சராசரிகளை மட்டும் புள்ளிகளாக வைத்தால் அவை அழகாக ஒரு கோட்டில் ஏறுவது போலத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு மாணவனையும் தனித்தனிப் புள்ளியாக வைத்துப் பாருங்கள். கடைசி பெஞ்சில் தொண்ணூறு வாங்கியவன் இருப்பான், முதல் பெஞ்சில் பார்டரில் பாஸ் ஆனவனும் இருப்பான். (நான் எந்த பெஞ்ச் என்று கேட்காதீர்கள்.) சராசரி என்பது அந்தக் கூட்டத்தை அமுக்கி ஒரே புள்ளியாக்கி, அதன் பரவலை நம் கண்ணில் படாமல் ஒளித்துவிடுகிறது.

ஸ்ட்ராச்சி அந்தப் பரவலைத்தான் கேட்டார். மொத்த வருஷங்களின் சராசரி மழையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். பிறகு ஹண்டரின் பதினோரு வருஷச் சுழற்சியில் அந்தந்த வருஷத்துக்குரிய சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். சூரியனுக்கு நிஜமாகவே மழை மேல் அதிகாரம் இருந்தால் இரண்டாவது விலகல் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். பெரிதாகக் குறையவில்லை. அப்படியென்றால் சூரியப் புள்ளியைத் தெரிந்துகொண்டு அடுத்த வருஷ மழையைச் சொல்பவனும், ஒன்றும் தெரியாமல் "வழக்கமான மழைதான்" என்று சொல்பவனும் கிட்டத்தட்ட ஒரே அளவு தப்பாகச் சொல்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அறுபத்துச் சொச்சம் வருஷக் கணக்கு என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் பதினோரு வருஷச் சுழற்சி என்று பார்த்தால் ஆறு சுழற்சி கூட முழுசாக இல்லை. ஆறு தடவை காசு சுண்டி முடிவு சொல்வது மாதிரி. அதுவும் சென்னை நகரத்தின் ஒரே ஒரு மழைமானியை வைத்து.

வேடிக்கை என்னவென்றால், "ஒட்டுறவுக் கெழு" என்ற சங்கதியே அப்போது கிடையாது. பிரான்சிஸ் கால்டன் ஒட்டுறவு பற்றி எழுதியது 1888-ல். நாம் பரீட்சைக்கு உருப்போடுகிற சூத்திரத்தைக் கார்ல் பியர்சன் தந்தது 1896-ல். சூத்திரம் பிறப்பதற்கு முன்பே அதை வைத்துச் செய்யக்கூடிய தப்பும் அந்தத் தப்புக்கான மறுப்பும் நுங்கம்பாக்கத்து மழையை வைத்து நடந்து முடிந்துவிட்டன!

இதே காலத்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு படி மேலே போனார். சூரியப் புள்ளி குறைந்தால் இந்தியாவில் விளைச்சல் குறையும், இந்தியன் துணி வாங்க மாட்டான், இங்கிலாந்தில் வியாபாரம் படுக்கும் என்று சங்கிலி போட்டார். இடித்தது கால அளவுதான். இங்கிலாந்தின் வியாபார நெருக்கடிகள் பத்தரை வருஷத்துக்கு ஒன்று, சூரியனுக்கோ பதினொன்று. அப்போது ஜான் ஆலன் புரூன் என்பவர் சூரியச் சுழற்சி 10.45 வருஷம் என்று கணக்கிட்டிருந்தார் (முன்பு திருவனந்தபுரம் வானாய்வகத்தை நடத்தியவர், நம்ம பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான்). ஜெவன்ஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தனக்கு வேண்டிய கோட்டுக்கு ஏற்ற புள்ளியைத் தேடிப் பிடிப்பது என்றால் இதுதான்.

இதில் வெறும் கணக்குத் தப்பு மட்டும் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பஞ்சத்தை சூரியன் அனுப்புகிறது என்று ஆகிவிட்டால் ஒரு ராத்தல் கூலிக்கும் கப்பல் ஏறிய தானியத்துக்கும் யார் பதில் சொல்வது? ஹண்டரின் நோக்கம் அது என்று நான் சொல்லவில்லை. பஞ்சம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஏற்பாடு செய்யலாமே என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் மழையளவுக்கும் சாவு எண்ணிக்கைக்கும் ஒரு சிதறல் படம் போட்டால், அந்த இரண்டு அச்சுக்கும் நடுவில் கூலி, விலை, ரயில், களஞ்சியம், அதிகாரி எல்லாம் நிற்கிறார்கள். படத்தில் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

ஸ்ட்ராச்சி (1878-ல் அமைந்த பஞ்சக் கமிஷனுக்கு அவர்தான் தலைவர்) மறுத்தும் சூரிய ஆசை அடங்கவில்லை. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் ரகசியம் பிடிபடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் பழனி மலையில் ஒரு சூரிய ஆய்வகம் கட்ட முடிவானது. அன்றைக்கு கொடைக்கானல் மதுரை ஜில்லாதான். 1895-ல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-ல் மிச்சி ஸ்மித் தலைமையில் வேலை ஆரம்பமானது.

அதே 1895-ல் அதே வென்லாக் இன்னொரு காரியமும் செய்தார். அக்டோபரில் பெரியாறு அணையைத் திறந்துவைத்தார். பல வருஷங்களாகக் காகிதத்தில் கிடந்த திட்டம். தாது வருஷப் பஞ்சம் கொடுத்த அடிக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. பென்னிகுக் 1887 முதல் காட்டுக்குள் கிடந்து கட்டினார். மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைக்கு வந்தது.

ஒரே பஞ்சம், ஒரே ஜில்லா, ஒரே வருஷம், ஒரே கவர்னர். ஒரு பதில் சூரியனைப் பார்த்தது, இன்னொன்று தண்ணீரைக் கொண்டுவந்தது. மேலூர் மழைக்கும் மேலூர் நெல்லுக்கும் இருந்த கட்டை அவிழ்த்துவிட்டது இரண்டாவது பதில். தாத்தா சிரித்ததன் காரணம் 1895-ல் இருக்கிறது!

(கொடைக்கானல் ஆய்வகம் வீணாகப் போனது என்று அர்த்தமில்லை. புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மழை ஜோசியத்துக்காக ஆசைப்பட்ட இடம், சூரிய இயற்பியலுக்குச் சொத்தாகிவிட்டது.)

இனி பூமராங்காரர். 1899-ல் நல்ல மழை என்று வானிலைத் துறை சொல்ல, மகா வறட்சி வந்தது. துறைத் தலைவர் ஜான் எலியட் தன் இடத்துக்கு வானிலை தெரிந்த ஆளைத் தேடாமல் ஒரு கணிதக்காரரைப் பிடித்தார். கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் 1889-ன் சீனியர் ராங்ளர். பூமராங் வீசுவதில் பைத்தியம், பட்டப்பெயரே பூமராங் வாக்கர். 1904-ல் பொறுப்பேற்றார்.

இப்போது கையில் பியர்சனின் சூத்திரம் இருக்கிறது. உலகம் முழுவதுமிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம், பனி என்று எண்கள் வருகின்றன. கம்ப்யூட்டர் கிடையாது, குமாஸ்தாக்கள்தான் கம்ப்யூட்டர். உட்கார்ந்து பெருக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இமயமலைப் பனி, மொரீஷியஸ் அழுத்தம், தென் அமெரிக்க அழுத்தம், சான்சிபார் மழை ஆகிய நான்கையும் சேர்த்து இந்தியப் பருவமழைக்கு ஒரு சமன்பாடே எழுதினார் வாக்கர்.

சூரியப் புள்ளியையும் அவர் விடவில்லை. 1915-ல் பல ஊர் மழைகளோடு அதன் ஒட்டுறவைக் கணக்கிட்டார். பெரும்பாலும் சொத்தையான எண்கள்தான் வந்தன. அதன் பிறகு வந்த வறட்சிகளை நீங்களே புள்ளி வைத்துப் பாருங்கள். 1918-ல் பெரிய வறட்சி, சூரியன் உச்சத்தைத் தொட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1987 வறட்சி, புள்ளிகள் குறைந்த காலம். 2002 வறட்சி, புள்ளிகள் நிறைந்த காலம். 2009 வறட்சி, மறுபடி குறைந்த காலம். அம்மை போட்ட தாள்.

வாக்கர் 1914-ல் சொன்ன ஒரு எச்சரிக்கையைப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடிக்கலாம். நிறைய ஒட்டுறவுகளைக் கணக்கிட்டு அதில் பெரியதைப் பொறுக்கினால், அது தற்செயலாகவே பெரியதாக இருக்கலாம் என்பது அதன் சாரம். முப்பது வருஷக் கணக்கு இருந்தால், கெழு 0.36-ஐத் தாண்டினால் "குறிப்பிடத்தக்கது" என்று நம் அட்டவணை சொல்லும். தற்செயலாக அப்படித் தாண்ட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. நீங்கள் மழையோடு சம்பந்தமே இல்லாத நூறு சமாச்சாரங்களை (சித்திரைத் திருவிழாவில் விற்ற ஜிகர்தண்டா உட்பட) எடுத்து முயற்சி செய்தால் ஐந்தாவது தேறிவிடும். இருபதை மட்டும் எடுத்தாலே ஒன்றாவது தேற 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் கட்டுரை எழுதினால் படிக்கிறவனுக்கு மீதிப் பத்தொன்பதைப் பற்றித் தெரியவா போகிறது?

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவர் கையில்தான் நிஜமான மீன் மாட்டியது. பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அதில் ஏறினால் இதில் இறங்குகிறது, தராசுத் தட்டு மாதிரி. 1924-ல் அதற்குத் தெற்கு ஊசலாட்டம் என்று பெயர் வைத்தார். ஏன் அப்படி என்று அவரால் விளக்க முடியவில்லை, எண்கள் மட்டும் இருந்தன. 1969-ல் பியர்க்னஸ் அதை எல் நினோவோடு கோர்த்த பிறகுதான் காரணம் புரிய ஆரம்பித்தது. 1877-ல் மிகப் பெரிய எல் நினோ ஒன்று இருந்ததும் பின்னால் தெரிந்தது. ஆனால் 1876-ல் மழை பொய்த்தது அது வருவதற்கு முன்பே, ஆகவே முழுப் பழியையும் அதன் தலையில் கட்டவும் முடியாது.

இங்கேயும் புள்ளிகள் முரண்டு பிடிக்கும். எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும், எதிர் ஒட்டுறவு. ஆனால் நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்றான 1997-ல் நாட்டில் மழை 102 சதவீதம்! கோட்டை விட்டு எங்கேயோ தனியாக நிற்கிற புள்ளி. இந்த உறவு சமீப காலத்தில் தளர்ந்துவருகிறதோ என்று கிருஷ்ணகுமார், ராஜகோபாலன், கேன் மூவரும் 1999-ல் எழுதினார்கள். 2002-ல் வானிலைத் துறை பதினாறு காரணிகளை வைத்து இயல்பான மழை என்று சொன்னது, வந்தது 81 சதவீதம். அடுத்த வருஷமே அந்த மாதிரியை மாற்றினார்கள்.

நமக்கு இன்னும் வேடிக்கை. மதுரைக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த வடகிழக்குப் பருவமழைக்கும் எல் நினோவுக்கும் இருப்பது பெரும்பாலும் நேர் ஒட்டுறவு. 2015-ல் எல் நினோ, நாடு வறண்டது, தமிழ்நாடு வெள்ளத்தில் மிதந்தது. 2016-ல் நாட்டில் மழை கிட்டத்தட்ட இயல்பு, நமக்கு வடகிழக்குப் பருவமழை படுமோசம். அடுத்த கோடையில் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டதை உலகமே பார்த்துச் சிரித்தது. இந்தியா முழுவதையும் ஒரே புள்ளியாக்கினால் கோடு இறங்குகிறது, நம்ம ஊரை மட்டும் எடுத்தால் ஏறுகிறது. அதற்கு மேல் மேலூர் நெல்லுக்கு வேண்டியதோ மலைக்கு அந்தப் பக்கத்துத் தென்மேற்கு மழை. தலை சுற்றுகிறதா? எனக்கும்தான்.

இதையெல்லாம் சொன்னபோது தாத்தா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"அதெல்லாம் சரிப்பா. இந்த வருசம் சூன்ல தண்ணி தெறப்பானா மாட்டானா?"

தெரியவில்லை தாத்தா என்றேன். "இதச் சொல்லத்தான் காலேசுக்குப் போறியாக்கும்" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.